மூடிக்குக் கீழே

மே மாத மதியம், தாம்பரத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் காற்றே 38 டிகிரி இருக்கும். அங்கே வைக்கிற எந்த வாட்டர் கூலிங்கும் காற்றைவிடக் குளிர்ந்த தண்ணீரைத் தராது. பம்ப் தள்ளும் தண்ணீர் ரேடியேட்டர் வழியாக அதே 38 டிகிரி காற்றிடம்தான் சூட்டை ஒப்படைத்தாக வேண்டும். பெர்லினில் 20 டிகிரி அறையில் எடுத்த பெஞ்ச்மார்க்கை நம்பி இங்கே பணம் போட்டால், ஆரம்பமே 18 டிகிரி கடன்.

அதனால்தான் வாட்டர் கூலிங் வாங்கும்போது கூடவே ஒரு கேள்வி வரும்: ப்ராசஸரின் உலோக மூடியையும் கழற்றிவிடலாமா? இதற்கு டீலிட் என்று பெயர். கை தவறினால் ப்ராசஸர் காலி. தவறாவிட்டாலும் வாரன்டி காலி. பதில், அந்த ப்ராசஸர் எந்த வருடம் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

2000-ஐ ஒட்டி வந்த, சாக்கெட்டில் பொருத்தும் பென்டியம் 3 காப்பர்மைன், ஏஎம்டி அத்லான் இரண்டிலும் மூடியே கிடையாது. அட்டையின் நடுவில் விரல்நகம் அளவு சிலிக்கான் அப்படியே தெரியும். அதன்மேல் கனமான கூலரை வைத்து, கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் மூலை உடையும். மூலை உடைஞ்சா பெரும்பாலும் முடிஞ்சுது. ரிச்சி தெருவில் பழைய அத்லான் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாலு மூலையைத்தான். இன்டெல் பென்டியம் 4-லும், ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-லும் மூடி போட்டன. 'ஹீட் ஸ்ப்ரெடர்', அதாவது சூட்டைப் பரப்புவது, என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். என்னைக் கேட்டால் அது முதலில் ஹெல்மெட், பிறகுதான் மற்றதெல்லாம்.

மூடி வந்ததும் சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவில் எதை நிரப்புவது என்ற பிரச்சினையும் வந்தது. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜில் இன்டெல் இண்டியம் உலோகத்தால் சால்டர் செய்திருந்தது. 2012 ஏப்ரலில் வந்த ஐவி பிரிட்ஜில் சால்டர் போய், தெர்மல் பேஸ்ட் வந்தது. உலோகத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட் சூட்டைக் கடத்துவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 22 நானோமீட்டருக்குச் சுருங்கிய புது சிப், ஓவர்க்ளாக் செய்தால் பழையதைவிட அதிகம் கொதித்தது. கம்பெனியின் கஞ்சத்தனம் என்று கோபப்பட்டார்கள். சிறிய சிப்பில் சால்டர் விரிசல் விடும் என்று இன்டெல்லுக்காக வாதாடியவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சிலர் கோபத்தோடு நிற்காமல் பிளேடை எடுத்தார்கள். மூடியைச் சுற்றியிருந்த கறுப்பு சிலிக்கோன் பசையை அறுத்து, பேஸ்ட்டைத் துடைத்து, லிக்விட் மெட்டல் தடவிப் பார்த்தால், ஓவர்க்ளாக் செய்த 3770கே 10 முதல் 20 டிகிரி வரை இறங்கியது. இதில் சுவாரசியம் வேறு. வெறும் நல்ல பேஸ்ட் போட்டே சிலருக்குக் கணிசமாகக் குறைந்தது. குற்றவாளி பேஸ்ட் மட்டும் இல்லை, பசையும்தான். அது மூடியை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்திருந்தது, அந்த இடைவெளியை அடைக்கப் பேஸ்ட் தடிமனாக நின்றது.

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும் வண்டி பெருங்களத்தூரில் நிற்கும்போது, கத்திப்பாரா பாலம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன? நெரிசல் மூடிக்குக் கீழே இருக்கும்போது, மேலே ஏர் கூலரை எடுத்துவிட்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் போடுவதும் இதே கதைதான்.

பிளேடுக்குப் பிறகு பட்டறை வைஸில் இறுக்கி, மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டும் முறை வந்தது. 2015-இல் வந்த ஸ்கைலேக்கில் அடியிலுள்ள அட்டை மெலிந்துவிட்டதால் அந்த வித்தை ஆபத்தானது. அடுத்த வருடம் ஜெர்மனியின் டெர்8அவர் 'டீலிட் டை மேட்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதன்பின் மூடியைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றுவது சில நிமிட வேலை.

ஆக, 2012 முதல் 2017 வரை வந்த 3770கே, 4770கே, 7700கே, 8700கே போன்றவை கையில் இருந்தால், முதலில் மூடி, பிறகு தண்ணீர். பல சமயம் மூடியோடு வேலை முடிந்து தண்ணீரே தேவைப்படாது. 2018-இல் 9900கே-யில் சால்டர் திரும்பி வந்தது. இண்டியம் உருக 157 டிகிரி வேண்டும். அதைச் சூடாக்கிக் கழற்றி, சுரண்டி, கடைசியில் கிடைப்பது பத்து டிகிரிக்குள். தேவையில்லை. 2022-இன் ரைசன் 7000 கொஞ்சம் சபலப்படுத்தும். பழைய ஏஎம்4 கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக அதன் மூடி தடிமனாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு சிப்பின்மேல் நேராக வாட்டர் பிளாக் வைத்தால் ஏறத்தாழ 20 டிகிரி குறையும் என்று டெர்8அவரே காட்டினார். ஆனால் மூடியின் கால்களுக்கு நடுவிலேயே குட்டிக் குட்டி கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. பிளேடு ஒன்றைத் தட்டினால் போச்சு. அந்த ப்ராசஸரே 95 டிகிரி வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டதுதான். சொந்தக் காசில் வாங்கியிருந்தால் நான் தொடமாட்டேன்.

கழற்றுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். லிக்விட் மெட்டலில் இருக்கும் காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், தாமிரம் அல்லது நிக்கல் பூச்சு மட்டும் படலாம். மின்சாரமும் கடத்தும் என்பதால், பக்கத்திலுள்ள கெப்பாசிட்டர்கள்மேல் முதலில் நெயில் பாலிஷ் பூச வேண்டும். அடுத்து, மூடியைத் திரும்ப ஒட்டும்போது நாலு மூலையில் ஒரு பொட்டு சிலிக்கோன் போதும். பசையைத் தாராளமாகப் போட்டு ஒட்டினால், 2012-இல் இன்டெல் விட்ட அதே இடைவெளி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.