வரோசு: கல்வெட்டில் இல்லாத கற்பூரம்

சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில், இந்தோனேசியாவின் வட சுமத்திரா மாகாணத்தைச் சேர்ந்த நடுத் தப்பனூலி மாவட்டத்தில், பரூஸ் என்றொரு சிறிய ஊர் உள்ளது. முன்னே இந்தியப் பெருங்கடல். பின்னே காடடர்ந்த மலைத்தொடர். அதற்கப்பால் படாக் மக்களின் மேட்டுநிலம். வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இந்தோனேசிய மொழியில் கற்பூரத்துக்குப் பெயரே 'காப்பூர் பரூஸ்'. துணிகளுக்கிடையே பூச்சி வராமல் போடும் நாப்தலீன் உருண்டையும் இன்று அதே பெயரில்தான் கடைகளில் விற்கிறது. ஊர் சுருங்கிவிட்டது, பெயர் நாடு முழுவதும் புழங்குகிறது.

தமிழ் வரலாற்று மாணவர்களுக்கு இவ்வூர் அறிமுகமாவது ஒரு கல்லால். 1873-இல் பரூஸை அடுத்த லோபு துவா என்ற இடத்தில் டச்சு அதிகாரி ஒருவரின் கவனத்துக்கு வந்த கல்வெட்டுத் தூண், தமிழில் எழுதப்பட்டது. 1892-இல் ஹூல்ஷ் அதைப் பற்றிக் குறிப்பெழுதினார், 1932-இல் நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார், 1998-இல் எ. சுப்பராயலுவின் திருந்திய வாசிப்பு வெளிவந்தது. காலம் சக ஆண்டு 1010, மாசி மாதம், அதாவது கி.பி. 1088. கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

கல்வெட்டின் செய்தி ஒரு துறைமுக விதி. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வரோசு நகரத்து வேளாபுரத்தில் கூடி முடிவெடுக்கின்றனர். ஊருக்கு அவர்கள் வழங்கிய மறுபெயர் 'மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்'. கப்பலின் தலைவனான மரக்கலநாயன் உள்ளிட்டோர், கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு ஓர் ஆயத்தைப் பொன்னாகச் செலுத்த வேண்டும்; அதன் பின்னரே 'பாவாடை' ஏறலாம். இங்கே பாவாடை என்பது இன்றைய உடையன்று; மதிப்புக்குரியோர் நடந்து வர நிலத்தில் பரப்பும் துணி. பாவிய ஆடை என்ற பழம்பொருள், தமிழகத்துக்கு வெளியே ஒரு துறைமுகத்தின் நுழைவுச் சடங்கில் பதிவாகியிருக்கிறது. நகர சேனாபதி நாட்டுச்செட்டியார், பதினெண்பூமி தேசி அப்பர் போன்ற பட்டப்பெயர் கொண்டோர் குழுவின் மக்களாகச் சுட்டப்பட்டு இவ்வுரிமையைப் பெறுகின்றனர்.

இக்கல்லில் இல்லாதவை இரண்டு. முதலாவது, அரசன். இராசேந்திர சோழனின் கடற்படை சிறீவிசயத்தைத் தாக்கிய 1025-க்கு 63 ஆண்டுகள் கழித்து எழுந்தது இது. சோழநாட்டில் அப்போது முதற் குலோத்துங்கனின் ஆட்சி. ஆனால் சோழனின் மெய்க்கீர்த்தியோ ஆட்சியாண்டோ இதில் இல்லை; சக ஆண்டு மட்டுமே உண்டு. ஆணையிடுபவர் வேந்தரல்லர், வணிகர். தாய்நாட்டில் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்ற மன்னன் ஆண்ட காலத்திலேயே, கடலுக்கு அப்பால் தமிழ் பேசிய வணிகர் தாமே சுங்கம் விதித்துக் கல் நாட்டியுள்ளனர். பரூஸைச் சோழர் 'காலனி' என்று எழுதும் வழக்கம் இக்கல்லின் முன் நிற்காது.

ஐந்நூற்றுவர் தமிழ்க் குழு மட்டுமல்லர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அவர்கள் தம் மூலமாகப் போற்றிய ஐயவொளெ, இன்றைய கருநாடகத்தின் ஐஹொளெ. தக்காணத்தின் உள்நாட்டுச் சந்தைகளும் கீழைக்கடலும் ஒரே வலையின் இரு முனைகள். ஐதராபாத்திலிருந்து அணுகுவோருக்கு இன்னொரு கல் ஒப்பீட்டுக்கு அருகிலேயே கிடைக்கிறது. ஓரங்கல்லை ஆண்ட காக்கதீய மன்னன் கணபதிதேவன், ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளியில் 1244-இல் நிறுவிய அபய சாசனம் அது. கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர் கவர்ந்துகொண்டதைக் கூறி, இனி உரிய தீர்வை மட்டுமே பெறப்படும் என்று அது உறுதியளிக்கிறது. தீர்வைப் பட்டியலில் சந்தனம், முத்து, தந்தம், மிளகு ஆகியவற்றோடு கற்பூரமும் உண்டு. மோட்டுப்பள்ளியில் வணிகருக்கு அரசன் வாக்குக் கொடுக்கிறான். வரோசில் அரசனின்றி வணிகரே விதி செய்கின்றனர்.

கல்லில் இல்லாத இரண்டாவது, கற்பூரம். கப்பல்களை இக்கரைக்கு இழுத்த பொருளின் பெயர் கிடைத்துள்ள வாசகத்தில் இல்லை. அரபு எழுத்தாளர் 'ஃபன்சூர்' என்றழைத்த இப்பகுதியின் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றதாக மார்க்கோ போலோ எழுதினார். சிலப்பதிகார உரையில் கற்பூர வகைகளை அடுக்கும் அடியார்க்குநல்லார் 'வாறோசு' என்றொரு வகையையும் சேர்க்கிறார். துறைமுகத்தின் பெயர் தமிழில் சரக்கின் பெயராகிவிட்டது. அச்சரக்கு சீனத்துக் கற்பூர மரத்தினின்று வேறானது. உயர்ந்தோங்கி வளரும் ஒரு காட்டு மரத்தின் வயிரப் பிளவுகளில் படிகமாக உறைவது. தமிழர் சமையலிலும் வழிபாட்டிலும் பச்சைக் கற்பூரம் என்று அறிந்தது இவ்வகையையே. எல்லா மரத்திலும் இது இராது. எதில் இருக்கும் என்ற அறிவு கரையில் இருந்தவரிடம் இல்லை. காட்டில் வாழ்ந்த படாக் மக்களிடம் இருந்தது.

அவர்கள் கற்பூரம் தேடிச் செல்லும்போது அன்றாடச் சொற்களை விலக்கி 'ஹாத்தா பார்காப்பூர்' என்னும் தனி வழக்கில் பேசினர். 1850-களில் பரூஸில் தங்கிப் படாக் மொழியை ஆராய்ந்து, தோபா படாக் மொழிக்குப் புகழ்பெற்ற இலக்கணம் எழுதிய வான் டெர் டூக் வழியாகவே படாக் மொழி குறித்த அறிவியல் ஆய்வு தொடங்கியது. கரையின் மொழி கல்லில் நின்றது. காட்டின் மொழி வாய்வழக்கில் இருந்து அருகியது.

1995 முதல் கிளோட் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய அறிஞர் நடத்திய அகழாய்வு, லோபு துவா ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பதினோராம் நூற்றாண்டின் இறுதிவரை செழித்திருந்ததைக் காட்டியது. சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னிந்திய மட்கலம் ஆகியவை ஒரே மண்ணில் கிடைத்தன. ஐந்நூற்றுவர் கல் நாட்டிய சில பத்தாண்டுகளுக்குள் அக்குடியிருப்பு கைவிடப்பட்டது. 'கர்காசி' எனும் அரக்கர் அதை அழித்ததாக உள்ளூர் மலாய் மரபு கூறும். வணிகம் அருகிலுள்ள புக்கிட் ஹாசாங்குக்கு நகர்ந்து தொடர்ந்தது. பிற்காலப் பரூஸில் மேல்புலத்துக்கு ஓர் அரச குடும்பமும் கீழ்ப்புலத்துக்கு மற்றொன்றும் இருந்தன. மலையையும் கடலையும் ஒருங்கே ஆள ஒரு கை போதவில்லை.

உள்நாட்டின் காரோ படாக் மக்களிடையே செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளாகச் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்ற பெயர்கள் இன்றும் உள்ளன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளப் பெயர்களோடு இவற்றை ஆய்வாளர் ஒப்பிடுகின்றனர். தொடர்பின் தடமாக இவை மதிப்புடையன. ஆனால் குலப்பெயர் மட்டும் குருதி வழியை நிறுவாது; காரோ மக்கள் அப்பெயர்களைத் தம் உறவுமுறைக்குள் தமதாக்கிக் கொண்டவர்கள்.

இன்றைய பரூஸில் ஒவ்வொரு நினைவும் தனக்கான அடையாளத்தைத் தேடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு மலாய்ச் சூஃபிக் கவிஞர் ஹம்சா ஃபன்சூரியின் பெயரில் இவ்வூர் வாழ்கிறது. குன்றுகளில் பழைய இசுலாமியக் கல்லறைகள் உள்ளன. 2017-இல் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர், நுசாந்தாரா இசுலாமிய நாகரிகத்தின் தொடக்கப் புள்ளி என்னும் நினைவுச்சின்னத்தை இங்கே திறந்து வைத்தார். தமிழகத்து மேடைகளிலோ இதே ஊர் கடல்கடந்த வெற்றியின் சான்றாக வருகிறது. இரண்டு நினைவுகளும் கரையிலேயே நின்றுவிடுகின்றன. மரத்தைப் பிளந்து கற்பூரம் எடுத்தவர் எந்தச் சின்னத்திலும் இல்லை. தமிழ்க் கல்வெட்டையும் படாக் சொற்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் வளரும்போதுதான் வரோசின் வரலாறு கரையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழையும்.