மடியும் தெருவும்: குழந்தை வளர்ப்பு அறிவுரையில் தற்சார்பு என்னும் இலக்கு (1894–2020)

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூறாண்டுக்கு மேலாக வெளிவந்து குவிந்திருக்கும் குழந்தை வளர்ப்பு நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறை கண்டிப்பாக வளர்க்கச் சொன்னது. அடுத்தது கனிவாக வளர்க்கச் சொன்னது. பிறகு மறுபடி கண்டிப்பு. ஆன் ஹல்பர்ட் 2003இல் வெளியிட்ட ‘ரெய்சிங் அமெரிக்கா’ என்னும் வரலாறு, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கடுமையான நிபுணரையும் ஒரு மென்மையான நிபுணரையும் எதிரெதிரே நிறுத்தி எழுதப்பட்டது. வாசிக்கச் சுவையான முறைதான். ஆனால் எதிரெதிரே நின்ற இந்த நிபுணர்கள் இலக்கில் வேறுபட்டவர்களே இல்லை என்பது அதில் மறைந்துபோகிறது. தாயின் பிடியை விட்டுவிட்டுத் தன் காலில் நிற்கும் குழந்தையைத்தான் எல்லோரும் வேண்டினார்கள். அந்தத் தற்சார்பு எங்கிருந்து வரும் என்பதில்தான் சண்டை. சண்டை முழுவதும் தாயின் மடியைச் சுற்றியே நடந்தது. குழந்தை உண்மையில் தனித்து நடமாடிய தெருவை வளர்ப்பு நிபுணர்கள் வெகுகாலம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

பாலும் கடிகாரமும்

லூதர் எம்மெட் ஹோல்ட் நியூயார்க்கின் பேபீஸ் ஹாஸ்பிடலில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். தாய்மாருக்கும் குழந்தை பார்க்கும் தாதியருக்கும் அவர் கேள்வி-பதிலாக எழுதிய கையேடு 1894இல் வெளிவந்து, பல பத்தாண்டுகள் மறுபதிப்புக் கண்டது. எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு பால், எவ்வளவு நேரம் தூக்கம் என எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. குழந்தையை ஆட்டித் தூங்க வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையோடு விளையாடவே கூடாது.

இன்று படித்தால் கல்நெஞ்சு என்று தோன்றும். அன்றைய நிலை வேறு. 1915ஐ ஒட்டி அமெரிக்காவில், உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 100 ஓராண்டு நிறையும் முன்பே இறந்துகொண்டிருந்தன. கோடையில் கெட்டுப்போன பாலால் வந்த வயிற்றுப்போக்கு அதற்கொரு முக்கியக் காரணம். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியதும் புட்டியைக் கழுவியதும் உயிர்களைக் காப்பாற்றின. அந்த வெற்றியில் மருத்துவருக்குக் கிடைத்த அதிகாரம்தான் பாலிலிருந்து கொஞ்சலுக்கும் நீண்டது. சுகாதாரத்தில் சரியாகச் சொன்னவர் பாசத்திலும் சரியாகவே சொல்வார் என்று நம்பினார்கள். பிற்கால நிபுணர்கள் பலருக்கும் இந்த நம்பிக்கை உதவியது.

நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங்கும் இதே வழிதான்: நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இரவில் இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர் முறை பரவியது.

அரசும் களத்தில் இறங்கியது. 1912இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அமைத்த குழந்தைகள் பணியகத்துக்கு ஜூலியா லாத்ரப் தலைவரானார். ஐந்து பிள்ளைகளின் தாயான மேரி மில்ஸ் வெஸ்ட் எழுதிய ‘இன்ஃபன்ட் கேர்’ என்னும் கையேட்டை அது 1914இல் வெளியிட்டது. தாய்மார் பணியகத்துக்குக் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள். 1915 முதல் 1932 வரையிலான கடிதங்களிலிருந்து மோலி லாட்-டெய்லர் தொகுத்த நூல் 1986இல் வந்தது. நிபுணர்களின் நூல்களைவிட இந்தக் கடிதங்களே அந்தக் காலத்தை நெருக்கமாகக் காட்டுகின்றன. ஓயாத வீட்டுவேலை, எட்டாத மருத்துவர், அடுத்தடுத்த பிரசவங்கள் இவற்றின் நடுவே இருந்து கேட்கும் பெண்களுக்கு, கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடு என்ற விடை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பது ஐயமே.

இந்தக் கையேட்டின் அடுத்தடுத்த பதிப்புகளை 1951 வரை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் மார்த்தா வொல்ஃபென்ஸ்டைன். 1914இன் குழந்தை ஆபத்தான இச்சைகள் நிறைந்தது. விரல் சூப்பாமலிருக்கக் கைகளைக் கட்டுப்படுத்த வேண்டும். விளையாட்டு அதன் நரம்புகளைக் கிளறிவிடும். 1940களின் குழந்தையோ தீங்கற்றது. விளையாட்டு அதற்கு ஆரோக்கியம். அதோடு முடியவில்லை. தாயும் அதை மகிழ்ந்து அனுபவிக்க வேண்டும் என்றாயிற்று. மகிழ்ச்சியும் கடமைப் பட்டியலில் ஏறியதை வொல்ஃபென்ஸ்டைன் அப்போதே கண்டு எழுதினார். அறிவுரை இளகியபோது தாயின் வேலை குறையவில்லை, கூடியது. இன்றைய வளர்ப்பு நூல் எதை எடுத்தாலும் இந்தக் கணிப்பு பொருந்துகிறது.

வாட்சன்: விலக்கினால் நிமிரும்

நடத்தையியலின் தந்தை எனப்படும் ஜான் பி. வாட்சன், 1920இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்து, ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தவர். வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டி ஒரு கைக்குழந்தைக்கு அச்சம் கற்பித்த சோதனையை, ரோசலி ரேனரோடு சேர்ந்து அதே ஆண்டு வெளியிட்டார். பின்னர் அவர் மனைவியான ரோசலியின் துணையோடு 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், தாயின் மிகைப் பாசத்தால் வரும் ஆபத்துகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. கட்டியணைக்காதே, மடியில் வைக்காதே. தவிர்க்க முடியாவிட்டால் இரவு வணக்கம் சொல்லும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல்.

அதிகம் எடுத்துக்காட்டப்படாத இன்னொரு பகுதியும் அதில் உண்டு. குழந்தையை நாளின் பெரும்பகுதி வேலியடைத்த கொல்லையில் விட்டுவிட வேண்டும். மண்ணில் சிறு குழிகள் தோண்டி வைத்தால் அது விழுந்து எழுந்து தானே ஏறிவரப் பழகும். தாயின் கண் அதன்மேல் இருக்கக் கூடாது. பாசம் குழந்தையைக் கட்டிப்போடும், விலகலே அதை நிமிர்த்தும் என்பதே அவர் கணக்கு. அதை நிறுவும் நீண்டகால ஆய்வு எதுவும் அவரிடம் இல்லை. ரோசலி 1930இல் ஒரு பெற்றோர் இதழில், நடத்தையியலின் சில விதிகளுக்குத் தான் பணிவதாகவும் சிலவற்றில் கலகம் செய்வதாகவும் எழுதினார். எழுத வேண்டிய நூலை எழுதும் அளவுக்குத் தனக்கு அறிவு போதவில்லை என்று வாட்சனே 1936இல் தன்வரலாற்றுக் கட்டுரையில் வருந்தினார். நூலின் தொனியில் இருந்த உறுதியை நினைத்தால், அந்த ஒப்புதல் மிகத் தாமதம்.

நம்பிக்கையூட்டிய மருத்துவர்

1946இல் 25 சென்ட் விலையில் வந்த பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல் வேறொரு குரலில் பேசியது. தாய்மாரே, உங்களுக்கே நிறையத் தெரியும் என்று தொடங்கி, கடிகாரத்தைத் தள்ளிவைத்துக் குழந்தையின் பசியைப் பார்க்கச் சொன்னது. ஸ்பாக் குழந்தை மருத்துவத்தோடு உளப்பகுப்பாய்வும் பயின்றவர். ஃபிராய்டை அவர் பெயர் சொல்லாமல் சமையலறை மொழியில் கொண்டுவந்தார். 1998இல் அவர் இறந்தபோது ஐந்து கோடி பிரதிகள் விற்றிருந்தன. வியட்நாம் போரை அவர் எதிர்த்தபோது, கட்டுப்பாடற்ற இளைஞர்களை உருவாக்கியதே அவர் நூல்தான் என்று அரசியல்வாதிகள் சாடினர். நூலைப் படித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

அதைவிடக் கனமான குறை ஒன்று வெகுகாலம் கவனம் பெறவில்லை. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பதிப்புகள், வாந்தியால் மூச்சடைக்கக்கூடும் என்பதற்காகக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கப் பரிந்துரைத்தன. அக்காலத்தில் மற்ற நிபுணர்கள் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். குப்புறப் படுப்பது திடீர்ச் சிசு மரண வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கான சான்றுகளை முறைப்படி திரட்டியிருந்தால் 1970லேயே தெரிந்திருக்கும் என்று ரூத் கில்பர்ட் குழுவினர் 2005இல் காட்டினர். பிரிட்டனில் 10,000க்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000மும் மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. மல்லாத்திப் படுக்கவைக்கும் பிரசாரம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும்தான் தொடங்கியது. கனிவான குரலும் கண்டிப்பான குரலைப் போலவே சான்றில்லாமல் பேசக்கூடும்.

பிணைப்பிலிருந்து துணிவு

போர் முடிந்த ஐரோப்பாவின் வீடற்ற குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி 1951இல் எழுதிய அறிக்கை, தாயைப் பிரிவது மனநலத்தைக் குலைக்கும் என்றது. அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952இல் திரையிட்டார். பெற்றோர் வந்து பார்ப்பதை மருத்துவமனைகள் அன்று கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தன. வந்து போனால் பிள்ளை அழும், வராவிட்டால் அடங்கிவிடும் என்பது வார்டுகளின் அனுபவ ஞானம். அந்த அடக்கம் தேறுதலின் அறிகுறி இல்லை, மனமுடைந்ததன் அறிகுறி என்பதைப் படம் காட்டியது. மருத்துவர்கள் பலர் கோபப்பட்டனர். ஆயினும் மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு 1959இல், பெற்றோர் தடையின்றி வர வழிவிடுமாறு பரிந்துரைத்தது. உளவியல் ஆய்வு வார்டுக் கதவைத் திறந்த அரிய தருணம் அது. தாய் வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கும் பவுல்பியின் அறிக்கையைச் சான்று காட்டியவர்கள் உண்டு. மைக்கேல் ரட்டர் 1972இல் அந்தக் கோட்பாட்டை மறு ஆய்வு செய்து, பிரிவு ஒன்றையே எல்லாக் கேடுகளுக்கும் காரணமாக்குவது தவறு என்றார்.

தற்சார்பு பற்றிய புரிதலைத் திருப்பிப்போட்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். டொரன்டோவில் அவருடைய ஆசிரியர் வில்லியம் பிளாட்ஸ், பெற்றோரிடம் பெறும் பாதுகாப்பே உலகை ஆராயும் துணிவுக்கு அடித்தளம் என்று கற்பித்தவர். (அதே பிளாட்ஸ்தான், ஒன்டாரியோ அரசு பெற்றோரிடமிருந்து பிரித்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிக்கு வைத்த ஒரே பிரசவத்தில் பிறந்த டியோன் சகோதரிகள் ஐவரின் மழலை அறைக்குக் கால அட்டவணை வகுத்தவர். கோட்பாடும் நடைமுறையும் ஒரே ஆளிடம் இவ்வளவு விலகி நிற்பதும் நடக்கிறது.) எய்ன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டா சென்று, கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளைக் கவனித்தார். தாயை விட்டுத் தவழ்ந்து போய், திரும்பிப் பார்த்து, மறுபடி போகும் பிள்ளைகளை அங்கே கண்டார். பிறகு பால்டிமோரில் இன்னும் 26 குடும்பங்களை, மூன்று வாரத்துக்கொரு முறை நான்கு மணி நேரம் என ஓராண்டு வீட்டிலேயே சென்று பார்த்தார்.

சில்வியா பெல்லோடு 1972இல் வெளியிட்ட முடிவு வாட்சனின் கணக்குக்கு நேர் எதிரானது: அழுதபோது உடனுக்குடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் முதலாண்டின் முடிவில் குறைவாகவே அழுதன. கணக்கீட்டு முறையைப் பற்றி 1977இல் நடத்தையியலாளர்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. 26 குடும்பம் என்பது சிறிய எண்ணிக்கை. இருந்தும் கேள்வி அடியோடு மாறிவிட்டது. ஒட்டிக்கொண்ட குழந்தையே துணிந்து விலகும் என்பது வளர்ப்பு நூல்களின் பொதுப்புத்தியானது. குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான தாய் போதும் என்று பிபிசி வானொலியில் பேசிய குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட், தனித்திருக்கும் திறன் முதலில் ஒருவர் அருகிலிருக்கும்போதே வளர்கிறது என்று 1958இல் எழுதியதும் இதே திசைதான்.

இதிலும் ஒரு தாய், ஒரு பிள்ளை என்ற படமே அடியில் கிடந்தது. தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பம் ஒன்றோடு தங்கி மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் பல பெண்களின் கைகளில் மாறி மாறி வளர்வதையும், பெற்றவள் தன் பிள்ளைமீதான அன்பை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்வதையும் காணலாம். கண்ணேறுக்கு அஞ்சும் அந்தத் தாயைப் பால்டிமோர் அளவுகோலால் அளந்தால் கணக்கு பிசகும்.

பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் 1966 முதல் வகுத்த பிரிவுகள் நன்கு அறியப்பட்டவை: அடக்கி ஆளும் பெற்றோர், விட்டுப்பிடிக்கும் பெற்றோர், உறுதியும் பரிவும் சேர்ந்த பெற்றோர். மூன்றாம் வகையே அவர் பரிந்துரை. சீன-அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்த வகைப்பாடு சரிவரப் பொருந்தவில்லை என்று ரூத் சாவோ 1994இல் காட்டினார். உறுதியும் பரிவும் சேர்ந்த அணுகுமுறைக்கு அண்மையில் சோதனை வடிவம் தந்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ். பதற்ற நோயுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2020இல் அச்சான ஆய்வில், ஒரு பிரிவில் பிள்ளை சிகிச்சைக்கு வரவே இல்லை; பெற்றோர் மட்டும் 12 அமர்வுகளுக்கு வந்தனர். பிள்ளையின் அச்சத்தை ஏற்றுப் பேசவும், அச்சத்துக்கு இணங்கித் தாங்கள் செய்துவந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக விலக்கவும் அவர்கள் கற்றனர். பிள்ளைக்கே தரப்படும் சிகிச்சைக்கு இது சளைக்கவில்லை. வாட்சன் கேட்ட விலகலும் எய்ன்ஸ்வொர்த் கண்ட கவனிப்பும் ஒரே பயிற்சிக்குள் வந்து சேர 92 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எவரும் எழுதாத தெரு

இவ்வளவு விவாதமும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது வெளியே வேறொன்று மறைந்துகொண்டிருந்தது. மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் ஆகியோரின் ஆய்வுப்படி, இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990இல் அது 9 விழுக்காடு. பெற்றோர் முதலில் சொன்ன காரணம் வாகனப் போக்குவரத்து. அந்நியர் பயம் அதற்குப் பின்னால்தான். சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இந்தக் காலத்தில் குறைந்ததை, சாலை பாதுகாப்பானதற்குச் சான்றாக அரசு காட்டியது. பிள்ளைகள் சாலைக்கே வராததால் வந்த குறைவு அது என்றனர் ஆய்வாளர்கள்.

பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுக்குள் நேர்ந்த இந்தச் சரிவுக்கு எந்த வளர்ப்பு நூலும் காரணமில்லை; எந்த வளர்ப்பு நூலும் அதைத் தடுக்கவும் இல்லை. தெருவில் பிள்ளைகளைக் கவனித்தவர்கள் வேறு துறையினர்: நியூயார்க் நடைபாதைகளைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேகப்ஸ், ‘நகரத்தில் குழந்தை’ என்னும் பொருளில் 1978இல் நூலெழுதிய கொலின் வார்ட், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டி விளையாடிய திடலை 1946இல் கண்டு பிரிட்டனுக்குக் கொண்டுவந்த லேடி ஆலன். நகரமைப்பும் அரசியலும் நிலத்தோற்றக் கலையும் இவர்களுடைய துறைகள். உளவியல் எவருக்கும் துறையில்லை. தற்சார்பைப் பெற்றோரின் மனப்பாங்கிலிருந்து பிறப்பதாக மட்டும் பார்த்த துறைக்கு, காரின் வேகமும் சாலையின் அகலமும் தன் பொருளாகவே தெரியவில்லை. 2023இல்தான் பீட்டர் கிரே, டேவிட் லான்சி, டேவிட் ஜோர்க்லண்ட் மூவரும் ஒரு குழந்தை மருத்துவ இதழில், பிள்ளைகளின் மனநலச் சரிவுக்குத் தனித்து இயங்கும் வாய்ப்பு சுருங்கியது ஒரு முக்கியக் காரணம் என்று வாதிட்டனர். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததை வைத்து ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது என்று உறுதிகூற முடியாது. ஆனால் கேள்வி வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

இதற்கிடையே சட்டம் குறுக்கிட்டது. தன் ஒன்பது வயது மகனை நியூயார்க் சுரங்க ரயிலில் தனியே அனுப்பியதைப் பத்திரிகையில் எழுதி 2008இல் கண்டனத்துக்கு ஆளானார் லெனோர் ஸ்கெனேஸி. துணையின்றிப் பிள்ளையை வெளியே அனுப்பிய பெற்றோரைப் பாராமுகக் குற்றத்துக்காக அதிகாரிகள் விசாரித்த நிகழ்வுகள் அமெரிக்காவின் பல பகுதிகளில் வெளிவந்தன. 2018இல் யூட்டா மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. போதிய வயதும் பக்குவமும் உள்ள பிள்ளை பள்ளிக்கு நடந்து போவதும், சைக்கிள் ஓட்டுவதும், வெளியே விளையாடுவதும் பெற்றோரின் பாராமுகம் ஆகாது என்கிறது அது. எந்த வயது என்று திருத்தம் குறிப்பிடவில்லை; அதைப் பெற்றோரும், புகார் வந்தால் அதிகாரியும்தான் முடிவு செய்ய வேண்டும்.