கண்டங்களைப் பெயர்த்தது திங்களா?

கடலில் நாள்தோறும் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பினால் என்பதை நாம் அறிவோம். அவ்வீர்ப்பு திண்ணிய நிலத்தையும் விடுவதில்லை. பூமியின் மேலோடும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை எழுந்து தாழ்கின்றது. அங்ஙனமாயின், கண்டங்களையே இடம்பெயர்க்கும் ஆற்றல் ஓதத்திற்கு உண்டா? இவ்வினாவிற்குப் படிப்பினை மிக்க வரலாறு ஒன்று உண்டு.

கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்தன என்னும் கொள்கையை ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதையும், இரு கரைகளிலும் ஒத்த பாறைகளும் தொல்லுயிர்ச் சுவடுகளும் காணப்படுவதையும் சான்றாகக் காட்டினார். “நகர்த்திய விசை யாது?” என்று பிறர் வினவினர். பூமியின் சுழற்சியால் எழும் விசையையும் ஓத விசையையும் அவர் விடையாகக் கூறினார். கிழக்கு நோக்கிச் சுழலும் பூமியின் மேலோட்டை ஓதம் பின்னிழுப்பதால் அமெரிக்கக் கண்டங்கள் மேற்கே நகர்ந்தன என்பது அவர் கருத்து.

இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹெரால்டு ஜெப்ரீஸ் 1920களில் இதனை மறுத்தார். கண்டங்களை நகர்த்துமளவு ஓத விசை வலியதாயின், ஓராண்டுக்குள் பூமியின் சுழற்சியே நின்றுவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். உண்மையில் ஓத உராய்வினால் நாளின் நீளம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடியே மிகுகின்றது. மறுப்புச் சரியே. ஆயின், அறிஞர் பலர் விசையோடு சேர்த்து நகர்வையும் தள்ளிவிட்டனர். 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் வெகனர் மறைந்தபோது அவர் கொள்கையை ஏற்றோர் சிலரே.

1960களில் நிகழ்ந்த கடலடி ஆராய்ச்சி நகர்வை மெய்ப்பித்தது. பூமியின் மேலோடு பெருந்தட்டுகளாய்ப் பிரிந்துள்ளது. கடல் நடுவிலுள்ள மலைத்தொடர்களில் புதிய தரை தோன்றி இருபுறமும் விலகுகின்றது. நாளடைவில் குளிர்ந்து கனத்து, ஆழ்கடல் அகழிகளில் பூமியினுள் அமிழ்கின்றது. அமிழும் பகுதியின் எடையே தட்டினை இழுக்கும் தலையாய விசை. அதற்கு மூலம் பூமியின் உள்வெப்பமேயன்றித் திங்கள் அன்று.

எனினும் திங்களுக்குச் சிறு பங்கு உண்டு. வலிய ஓதங்களின்போது, தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று புகும் இடங்களில் ஆழமற்ற நிலநடுக்கங்கள் மிகுதல் 2004இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று. பழுத்த கனியை இளங்காற்று உதிர்ப்பதுபோல, முறியும் நிலையிலுள்ள பாறையை ஓதம் சற்று முன்னதாக நெகிழ்த்தலாம். ஆனால், கனியைப் பழுக்கச் செய்தது காற்று அன்று.

வெகனர் கூறிய காரணம் தவறு. அவர் கண்ட நிகழ்ச்சியோ உண்மை. விளக்கம் பிழைபட்டதனாலேயே விளக்கப்பட்ட பொருளும் பொய்யாகிவிடாது. அறிவியல் பயிலும் மாணவர் இதனை என்றும் நினைவிற் கொள்வாராக.