நடத்துநரின் குரலும் செயலியின் மௌனமும்: சித்தூர், திருப்பதிப் பேருந்துகளை முன்வைத்து

கைகால் எலும்பு முறிந்தால் பேருந்தேறிப் போகவேண்டிய ஊர் என்று தமிழ்நாட்டில் பெயர்பெற்றது சென்னை–திருப்பதி சாலையில் உள்ள புத்தூர். 'புத்தூர் கட்டு' என்ற சொல்லே அப்பயணங்களால்தான் தமிழில் நிலைத்தது. சற்றுத் தொலைவில் திருப்பதியில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கெனத் தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனை இருக்கிறது. திருமலையில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித் தரிசன ஒதுக்கீடு உண்டு. அதுவும் இணையவழி முன்பதிவுதான். அண்டை மாநிலங்களிலிருந்தும் மாற்றுத்திறனாளிகள் பேருந்தில் வந்துசேரும் வட்டாரம் இது. ஆகவே பேருந்துக் கழகத்தின் கைப்பேசிச் செயலியை யாரால் பயன்படுத்த முடிகிறது என்ற கேள்வியைச் சித்தூர், திருப்பதி ஆகிய இவ்விரு ஊர்களில் வைத்துக் கேட்பது பொருத்தமானது.

1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியபின் இன்றைய எல்லை அமைந்தது. 1958 ஜனவரி 11 அன்று தோன்றிய ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகளும் தமிழ்நாட்டு வண்டிகளும் இவ்வெல்லையை நாள்தோறும் கடக்கின்றன. பெயர்ப்பலகை ஒரு மொழியில், பயணி வேறொரு மொழியில் என்ற நிலையில் இடைவெளியை நிரப்பியது நடத்துநரின் குரல். "வேலூர், வேலூர்" என்ற கூவலுக்கு எழுத்தறிவும் வேண்டாம், பார்வையும் வேண்டாம். செவித்திறன் அற்றவருக்கு அக்குரல் என்றுமே எட்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவருக்குக் கைப்பேசியில் வண்டி வரும் நேரம் தெரிவது பெரும் ஆதாயம். ஒரு தொழில்நுட்பம் ஒருவருக்குத் திறக்கும் கதவையே இன்னொருவருக்கு மூடிவிடக்கூடும்.

போக்குவரத்து பற்றிய சட்டங்கள் நெடுங்காலம் வண்டியின் உடலை மட்டுமே கண்டன. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பேருந்துகளையும் இரயில் பெட்டிகளையும் எளிதில் ஏறத்தக்கவாறு மாற்றியமைக்கச் சொன்னது. அதுவும் நிறுவனத்தின் பொருளாதார இயலுமைக்கு உட்பட்டே. கால அட்டவணை, பயணச்சீட்டு, அறிவிப்பு ஆகியவை அப்பிரிவில் இடம்பெறவில்லை. படிக்கட்டு தடையென்று உணரப்பட்டது. தகவலும் தடையாகக்கூடும் என்பது உணரப்படவில்லை.

இத்தனைக்கும் வலையுள்ளடக்க அணுகல்தன்மைக்கான முதல் வழிகாட்டுநெறிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தபின் தொடுதிரை பேசத் தொடங்கியது. ஆண்ட்ராய்டை அத்திசையில் நகர்த்தியவர்களுள், பதினான்கு வயதில் பார்வையிழந்த இந்தியக் கணினி அறிஞர் டி. வி. இராமனும் ஒருவர்.

ஆனால் திரைவாசிப்பான், செயலியை எழுதியவர் சொல்லிவைத்ததை மட்டுமே சொல்லும். பேருந்து முன்பதிவில் வரும் இருக்கை வரைபடம் இதற்கு நல்ல சான்று. கண்ணுள்ளவருக்கு அது ஒரு நொடி வேலை: ஒரு நிறம் காலி, மற்றொரு நிறம் நிரம்பியது. ஒவ்வோர் இருக்கைக்கும் பெயரிடாமல் விட்ட செயலியில் பார்வையற்றவர் கேட்பது "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று நாற்பது முறை. "7ஆம் இருக்கை, சன்னலோரம், காலி" என்று நிரலில் எழுதிவைத்தால் அதே படம் வாசிக்கத்தக்கதாகிறது. நிறத்தை மட்டும் நம்பிப் பொருளுணர்த்தக் கூடாது என்பது 1999ஆம் ஆண்டு நெறியிலேயே உண்டு. பிறகு கட்டணப் பக்கம். கடவுச்சொல் குறுஞ்செய்தியைத் தேடி, கேட்டு, திரும்பிவந்து உள்ளிடுவதற்குள் நேரம் கடந்து பிடித்துவைத்த இருக்கை நழுவிவிடலாம். இவற்றைச் சீராக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பெரும்பகுதி, பொருத்தமான சொற்களை எழுதும் வேலை.

சட்டம் மெல்லத்தான் இங்கு வந்துசேர்ந்தது. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்தையும், 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தையும் பேசுகின்றன. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 17802இன் முதற்பகுதி 2021இல் வந்தது. எனினும் தரநிலைகள் கட்டளையா, பரிந்துரையா என்ற குழப்பம் நீடித்தது. 2024 நவம்பர் 8 அன்று இராஜீவ் இரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்று கூறி, அது தாய்ச்சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது ஐதராபாத் நல்சார் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் அறிக்கை. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் கூறியது.

இவ்வளவுக்குப் பின்னும் எல்லைப்புறத்தில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பக்கத்தின் மொழி எதுவென நிரலில் குறிக்கப்பட வேண்டும் என்பது சர்வதேச நெறியின் அடிப்படை நிலை விதி. இடையில் வரும் வேற்றுமொழித் தொடரையும் குறிக்கச் சொல்வது அதற்கு அடுத்த நிலை. குறிக்காவிட்டால் தெலுங்கு வரியை ஆங்கிலக் குரல்பொறி சிதைக்கும், அல்லது பேசாமல் கடந்துபோகும். ஊர்ப்பெயர்களின் நிலை இன்னும் கடினம். புத்தூர் என்ற பெயரை ரோமன் எழுத்தில் தெலுங்கு வழக்கப்படி எழுதினால் ஒரு வடிவம், தமிழ் வழக்கப்படி 'எச்' சேர்த்து எழுதினால் வேறொரு வடிவம். தேடற்பெட்டி ஒன்றை மட்டும் ஏற்றால், பட்டியலைக் கண்ணால் மேய்ந்து கண்டுபிடிக்கும் வழி பார்வையற்றவருக்கு இல்லை.

எந்த மொழியில் தகவல் தரவேண்டும் என்பதை இந்நெறிகள் சொல்வதில்லை. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில், மூன்று மாநிலங்கள் கூடுமிடத்தில், 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட குப்பம் இருக்கிறது. அங்கே தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே பேருந்தில் பயணம் செய்கின்றன. நடத்துநர் பயணியின் பேச்சைக் கேட்டே மொழியை மாற்றிக்கொள்ள முடியும். செயலியில் அம்முடிவு, மென்பொருளுக்கான ஒப்பந்தப்புள்ளி எழுதப்படும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது.