விரலும் குலமும்

தறி நெய்வோர், பீடி சுற்றுவோர், தோல் பதனிடுவோர் எனப் பலவகை உழைப்பாளர் வாழும் ஊர் எங்கள் குடியாத்தம். சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் புழங்கிய கையிலே ரேகை தேய்ந்து மங்கிவிடும். ஆனால் சிறிது காலம் அவ்வேலையை விட்டிருந்தால், அதே கோடுகள் அதே கோலத்தில் மீண்டும் எழும். தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்திற்குள் தோலின் உள்ளடுக்கில் பதிந்துவிட்ட அச்சு அது.

ஆக, விரல் ஒருவரது தொழிலைச் சொல்லும். குலத்தையும் சொல்லுமா?

இதனை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டின் பிரான்சிஸ் கால்டன். பரம்பரையே மனிதனின் தரத்தை வகுக்கிறது என்று நம்பியவர் அவர். ஆங்கிலேயர், வேல்ஷ் மக்கள், யூதர், கறுப்பினத்தார் ஆகியோரின் ரேகைகளை ஆவலோடு ஒப்பிட்டார். எந்த இனத்துக்கும் தனக்கே உரிய ரேகை இல்லை என்று 1892இல் தம் நூலில் அவரே எழுத நேர்ந்தது! விருப்பத்துக்கு மாறான உண்மையை மறைக்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பின்வந்தோர் கண்டது விகித வேறுபாடு மட்டுமே. நம் பெரியோர் சக்கரம் என்று சொல்லும் சுழி, ஐரோப்பியரைவிட ஆசிய மக்கள் பலரிடம் மிகுதி. வில்போல் வளைந்த ரேகை எங்குமே குறைவு. அதனால் என்ன? ஒரே வீட்டு அண்ணன் தம்பியர் விரல்களே ஒத்திருப்பதில்லை. ஒரு விரலைப் பார்த்து, இன்னார் இன்ன குலத்தார் என்று எவராலும் கூற இயலாது.

1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் அமைந்தது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவர் அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தனர். புகழென்னவோ அவர்களின் மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. அது நிற்க.

தனி மனிதனை அடையாளம் காணப் பிறந்த அக்கலையை, அரசு கூட்டங்கூட்டமாக மக்கள்மீது ஏவியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்யாதவனும், குறிப்பிட்ட குலத்தில் பிறந்தான் என்பதற்காகவே பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும். குலத்தைச் சொல்லாத ரேகையைக் குலம் பார்த்து வாங்கினார்கள்! மதுரைச் சீமையில், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் இதற்கு இணங்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை சுட்டது. 15 பேருக்கு மேல் மாண்டனர்.

சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கிற்று. நாடெங்கும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31 அன்று. கால்டனின் நூல் வெளிவந்து அப்போது 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.