பெரட்டு மணியை வரைய முடியுமா? தோட்டத்துக்கேற்ற ஒலி, ஓவியப் பட்டறை

விடியுமுன் பெரட்டுக்கு அழைத்த மணி, பால் ஸ்டோரில் வாளிகள் உரசிய சத்தம், திருவிழா இரவில் தீயில் காய்ச்சிய தப்பின் முழக்கம். நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. சிரம்பான், நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த ஓசைகளோடு வாழ்ந்தவர்கள் இன்று முதியவர்கள். பழைய முகங்களைப் பார்க்க வீட்டில் ஆல்பம் இருக்கிறது. சத்தத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

இந்தக் குறையைப் போக்கும் வழிகளில் ஒன்று ஒலி, ஓவியப் பட்டறை. ஊரின் ஓசைகளைச் செவிமடுத்து, பதிவு செய்து, வரைபடமாகவும் ஓவியமாகவும் மாற்றுவதே இதன் வேலை.

கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபர், 1960களின் இறுதியில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கினார். 1975இல் அவரது குழு ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் ஐந்து சிற்றூர்களின் ஓசைகளைப் பதிவு செய்தது. 2000ஆம் ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குச் சென்று மீண்டும் பதிவு செய்தனர். கால் நூற்றாண்டில் என்ன மாறியது என்று ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், முதல் பதிவு கைவசம் இருந்ததுதான்.

நம் நாட்டில், பினாங்கின் ஆர்ட்ஸ்-எட் அமைப்பு பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துச் சென்று, கைவினைஞர்களையும் பெரியவர்களையும் சந்திக்க வைத்து, அந்த அனுபவத்தைக் கலைப்படைப்பாக்கி வருகிறது.

தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ இதை நடத்த ஒரு நாளும் சில கைப்பேசிகளும் போதும்.

முதலில், பிள்ளைகள் பத்து நிமிடம் பேசாமல் நடந்து, கேட்ட ஓசைகளை எல்லாம் எழுத வேண்டும்.

அடுத்து, “முன்பு கேட்டு, இப்போது கேட்காத சத்தம் எது?” என்று பாட்டி, தாத்தாக்களிடம் விசாரித்து, அனுமதியுடன் அவர்கள் குரலிலேயே பதிய வேண்டும். அந்தச் சத்தத்தை வாயால் எழுப்பிக் காட்டவும் சொல்லலாம்.

பிறகு, பெரிய தாளில் லயம், கோயில், பால் ஸ்டோர், பெரட்டுக் களம் ஆகியவற்றைக் குறித்து, எந்த ஓசை எதுவரை கேட்டது என்று வரைய வேண்டும்.

ஓசையை வரையக் கோலமே கைகொடுக்கும். தப்பின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி. வேகமான அடிகளுக்குப் புள்ளிகளை நெருக்கியும், நிதானமான அடிகளுக்குத் தள்ளியும் வைத்தால் தாளம் கண்ணுக்குத் தெரியும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் இழுவைக்கு, சிக்குக் கோலத்தைப் போல் வளையும் கோடு. கோலத்துக்குள் இருக்கும் ஒழுங்கை கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய ஆய்வாளர்கள் 1974இல் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாகவே எழுதிக் காட்டினர். ஒரு பிள்ளை வரைந்த தாளத்தை மற்றொரு பிள்ளை பார்த்துத் தப்பில் அடிக்க முடிந்தால், பட்டறை வெற்றி.

ஒவ்வொரு பதிவிலும் தோட்டத்தின் பெயர், தேதி, பேசியவர் பெயர் இருக்க வேண்டும். ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வைப்பது நல்லது. கைப்பேசி மாறும்போது பதிவும் போய்விடக்கூடாது.

லின்சும், லாபு என்று தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமக்கின்றன. அந்தத் தோட்ட வாழ்க்கை எப்படி ஒலித்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டறை நடத்த எண்ணுவோர், தாளும் வண்ணமும் வாங்குவதற்கு முன் அவர்களைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.