கண்டி வாவியும் வந்தியின் பங்கும்

இன்று கண்டி வாவி இருக்கும் இடத்தில் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நெல் விளைந்தது. திகொல்வெல என்பது அந்த வயலின் பெயர். தலதா மாளிகைக்கும் எதிர்க்கரை மல்வத்தை விகாரைக்கும் இடையே சேறும் நாற்றுமாய்க் கிடந்த அந்த நிலத்தின் குறுக்கே 1807ஆம் ஆண்டளவில் அணை கட்டுவித்தவன், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரியே இந்த வேலைக்கும் சிற்பி. சிங்கள மக்கள் இதனைக் 'கிரி முஹுத' என்றார்கள். தமிழில் சொன்னால் பாற்கடல். பெயர் அழகானதுதான்.

ஆனால் கட்டிய ஏரிக்கும் இயற்கை ஏரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டிய ஏரியைக் கட்டி முடித்த அன்றோடு கைவிட்டுவிட இயலாது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து ஒவ்வொரு மழையும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். வாரி எடுக்காவிட்டால் பாற்கடல் மீண்டும் வயலாகிவிடும். வாரி எடுப்பது யார்? கண்டி மாநகரின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியின் வழியாகவே படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதலில் வாரியவர்கள் இராஜகாரியத்துக்கு வந்த குடிகள். நிலத்தை அனுபவிப்பவன் அதற்குப் பதிலாக அரசனுக்கு உழைப்பைக் கொடுக்கவேண்டும் என்பது பழைய கண்டி முறை. அந்த முறையில் ஒருவிதக் கணக்கு இருந்தது. இன்ன ஊரார், இத்தனை நாள், இன்ன வேலை என்ற வரையறை இருந்தது. வாவி வேலையோ அந்த வரையறையை மீறியது. வேலைக்கு ஆளனுப்ப மறுத்த தலைவர்கள் நூறு பேரை வாவியின் படுகையிலேயே கழுவேற்றினான் என்று ஒரு கதை கண்டியில் இன்றும் வழங்குகிறது. கதையை அப்படியே நம்பவேண்டியதில்லை. மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் 1815இல் அவன் நாட்டைப் பிடித்த ஆங்கிலேயருக்குத் தேவை இருந்தது. 1810 முதல் ஒற்றர்கள் கொண்டுவந்த செய்திகளையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஜோன் டொயிலி அந்தத் தேவையை நன்கு அறிந்தவர். என்றாலும் நூறு என்ற எண்ணைத் தள்ளிவிட்டாலும், ஊர் சம்மதிக்காத வேலை அது என்ற நினைவு மட்டும் கதைக்குள் அப்படியே தங்கியிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். அந்த மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபு, மதுரைச் சீமையோடு கொண்டும் கொடுத்தும் வந்த மரபு. அந்த மதுரையிலோ, நீர்க்கரையைப் பற்றித் தமிழர் மறக்காத கதை ஒன்று உண்டு. வைகை உடைத்துக்கொண்டது. கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று பாண்டியன் பங்கு பிரித்துக் கொடுத்தான். ஆளில்லாத கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு அவளுக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்தார். வந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. பாடினார், ஆடினார், படுத்துத் தூங்கினார். பிரம்படி விழுந்தது. அந்த அடி அடித்தவன் முதுகிலும், அரசன் முதுகிலும், அண்டசராசரம் அனைத்தின் முதுகிலும் பட்டது.

பக்தியோடு படிப்பவர்களுக்கு இது திருவிளையாடல். எனக்கு இது ஊராட்சி பற்றிய கதையாகவும் தெரிகிறது. கரை எல்லோருக்கும் உரியது. ஆகவே கிழவிக்கும் பங்கு உண்டு. பங்கு உண்டென்றால் மண் சுமப்பவனை அடிக்கும் அடியிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு ஏரிகளில் குடிமராமத்து என்று வழங்கியதும் இதே எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். கண்ணுசாமியின் அணையில் அடி விழுந்தது. அரசன் முதுகில் அது படச் சில ஆண்டுகள் சென்றன. 1815 பெப்ரவரியில் அவன் பிடிபட்டபோது, அவனைக் காக்கக் குடிகள் திரண்டு வரவில்லை. வேலூர்ச் சிறையில் 1832 ஜனவரியில் அவன் இறந்தான். அதே 1832இல் இராஜகாரியமும் சட்டப்படி ஒழிந்தது.

அதன்பின் வாவியைப் பார்த்துக்கொள்ளும் கடமை யாருடையது? 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி கண்டிக்கு மாநகர சபை வந்தது. 1866 மார்ச்சில் முதற்கூட்டம் கூடிற்று. உழைப்புக்குப் பதிலாக இப்போது ஆதன வரி. வரியிறுப்பவன் வாக்களிப்பான், சொத்தில்லாதவனுக்கு வாக்கில்லை. தலைமைக் கதிரையில் அரசாங்க அதிபர் அமர்ந்திருந்தார். 1939 வரை அமர்ந்திருந்தார். வாவிக்குத் துணையாயிருந்த போகம்பரை ஏரி ஆங்கிலேயர் காலத்தில் தூர்ந்து திடலாயிற்று. எஹெலப்பொல குமாரிஹாமியை மூழ்கடித்ததாகச் சொல்லப்படும் நீர் அது. ஓர் ஏரியைக் காப்பதா நிரப்புவதா என்பதை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த சிலரே தீர்மானிக்கக்கூடிய காலம் அது.

அந்த மேசையில் நம்மவர் ஒருவரும் இருந்தார் என்பதை இலக்கிய நேயர்கள் அறிந்திருக்கவேண்டும். 'அசன்பேயுடைய கதை' எழுதிய சித்திலெப்பை 1838இல் கண்டியிற் பிறந்தவர், சட்டத்தரணி, கண்டி மாநகர சபையின் உறுப்பினர், மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் இருந்தவர். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்ளும் அந்நூல் 1885இல் வெளிவந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். சபைப் பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் பத்திரிகைக்கும் அவர் தம்மைக் கொடுத்ததை நம் விமரிசகர்கள் தியாகமாகப் பேசுவார்கள். வாக்குரிமை ஒரு சிலருக்கே என்றிருந்த சபையைவிட எழுத்தறிவுதான் ஊரை விரைவில் விழிக்கச் செய்யும் என்று அவர் கணக்கிட்டிருக்கவும் கூடும்.

வரி வாங்கிய சபை, வாருவதற்கு வேறு ஆட்களைத் தேடியது. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட நகரசுத்தித் தொழிலாளர் மஹியாவவில் குடியேற்றப்பட்டார்கள். அங்கேயும் தோட்டத்து லயங்களைப் போன்ற நெருக்கமான வீடுகள். விடியுமுன் வீதி கூட்டியவர்கள், வாளிக் கக்கூசுகளைச் சுமந்தவர்கள், வடிகான்களில் இறங்கியவர்கள் இவர்கள். கண்டியைத் தூய நகரம் என்று வெள்ளைக்காரப் பயணிகள் புகழ்ந்த காலத்திலெல்லாம் அந்தத் தூய்மை இவர்கள் கையிலிருந்தது. பிரதியாகக் கிடைத்தது கூலியும், சாதியின் பெயரால் ஒதுக்கமும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் போயிற்று. நாள்தோறும் நகரைக் கழுவியவன் நகரத்தவன் இல்லை என்று ஆயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கில் தலைகளைப் பங்கு பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னரே எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது. வந்திக்குப் பங்கு ஒதுக்கிய பாண்டியன் அவளை ஊர்க் கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை.

இதற்கிடையே சிரமதானம் என்றொரு சொல் பிறந்தது. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன கனத்தொலுவ கிராமத்தில் நடத்திய முதல் முகாமுக்குப் பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. கட்டாய உழைப்பைக் குறித்த 'இராஜகாரிய' நாட்டில் உழைப்பைத் தானமாகச் சொன்ன சொல் இது. மாணவர்களும் சங்கங்களும் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்குவார்கள். நல்லதுதான். என்றாலும் சனிக்கிழமை இறங்குபவருக்குப் புகைப்படம், திங்கள் முதல் வெள்ளி வரை இறங்குபவருக்கு முகச்சுளிப்பு என்ற நிலையை அந்தச் சொல் மாற்றவில்லை.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமாயிற்று. பதினோராண்டுகள் கழித்து, 1999இல், வாவி திடீரெனப் பச்சையாய்ப் படர்ந்தது. நச்சுப் பாசி. சுற்றியுள்ள மேடுகளில் எழுந்த கட்டடங்களின் கழிவுநீர் நீண்ட காலமாக உள்ளே சேர்ந்ததன் பலன். சேற்றை வாரினால் தீரும் வேலையாக அது இருக்கவில்லை. மேட்டில் வீடும் விடுதியும் வைத்திருப்பவர்கள் தத்தம் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டிய வேலையாக இருந்தது.

வாவி வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாய் நகரின் நடுவே ஓடி, தெய்யன்னேவெல போன்ற தாழ்நிலக் குடியிருப்புகளைக் கடந்து, கெட்டம்பேயருகே மகாவலியிற் கலக்கிறது. தெய்யன்னேவெல என்றால் தெய்வத்தின் வயல். ஓடைக்கரையில் வாழும் ஏழைகளே ஓடையைக் கெடுக்கிறார்கள் என்பது கண்டியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஓடை அவர்களிடம் வந்து சேருமுன்பே கடைத்தெருவின் வடிகான்கள் அதில் கலந்துவிடுகின்றன என்பதைப் பேசுபவர்கள் எண்ணுவதில்லை. மழை பெருகினால் அழுக்கு நீர் முதலில் ஏறுவதும் இவர்களுடைய வாசற்படியில்தான். 1976 முதல் பொல்கொல்லை அணையில் மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குத் திரும்பி, வறண்ட பிரதேசக் குளங்கள் வரை போகிறது. வாவிக்கரையின் அலட்சியம் அவ்வளவு தூரம் பயணம் செய்யவல்லது.

ஜப்பானியக் கடனுதவியுடன் கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்திருக்கிறது. வாளி சுமக்கும் காலமும் போய்விட்டது. மஹியாவவில் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் வாழ்கிறார்கள். படித்தவர்கள் இருக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள். ஆயினும் அங்கு பிறந்த இளைஞர் சிலர் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, முகவரியில் தம் ஊர்ப் பெயரை மறைத்து வேறோர் இடத்தை எழுதுகிறார்கள் என்று அங்கு ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.